பழைய காரில் க்ரூஸ் கன்ட்ரோல் வேலை செய்யவில்லையா? முதலில் பிரேக் லைட்டைப் பாருங்கள்

திண்டிவனம் தாண்டியதும் ரோடு கொஞ்சம் காலியாகிறது. ஸ்டீயரிங்கில் இருக்கும் 'க்ரூஸ்' பட்டனை அழுத்துகிறீர்கள். மீட்டரில் சின்ன விளக்கு எரிகிறது. வேகம் 80-ஐத் தொட்டதும் 'செட்' அழுத்தி, ஆக்ஸிலரேட்டரில் இருந்து காலை எடுத்தால், வண்டி தன் பாட்டுக்கு 75, 70 என்று இறங்குகிறது. மறுபடி அழுத்தினாலும் அதே கதைதான்.

செகண்ட் ஹேண்டில் கார் வாங்கிய பலருக்கு இது தெரிந்த காட்சி. 2011-ல் வந்த மஹிந்திரா எக்ஸ்யூவி500, 2014-ல் வந்த நான்காம் தலைமுறை ஹோண்டா சிட்டி, 2015-ல் வந்த மாருதி எஸ்-க்ராஸ் போன்ற கார்களின் உயர் வேரியன்ட்களில் க்ரூஸ் கன்ட்ரோல் இருந்தது. அந்த வண்டிகள் எல்லாம் இப்போது பத்து வயதைத் தொட்டோ தாண்டியோ, இரண்டாவது மூன்றாவது கைக்கு வந்துவிட்டன. எஞ்சின் நன்றாக இருக்கும், ஏசி நன்றாக இருக்கும். க்ரூஸ் மட்டும் செட் ஆகாது.

மெக்கானிக்கிடம் கேட்டால் பெரும்பாலும் இரண்டில் ஒரு பதில் கிடைக்கும். "அது எதுக்கு சார், நம்ம ஊரு டிராஃபிக்குக்கு அதெல்லாம் தேவையே இல்ல, விட்டுடுங்க" என்பது ஒன்று. "இசிஎம் போயிருக்கும் சார், மாத்தணும், செலவாகும்" என்பது இன்னொன்று. இரண்டாவது பதில் உங்கள் பர்ஸைப் பதம் பார்க்கும். முதல் பதில் அதைவிட ஆபத்தானது. ஏனென்றால் க்ரூஸ் செட் ஆகாததற்குக் காரணமான அதே பழுது, பின்னால் வரும் லாரிக்காரருக்கு உங்கள் பிரேக் லைட் எரியாமல் போவதற்கும், விபத்தில் ஏர்பேக் விரியாமல் போவதற்கும் காரணமாக இருக்கலாம்.

சந்தேகம் வந்தால் 'முடியாது'

க்ரூஸ் கன்ட்ரோல் செய்யும் வேலை எளிமையானது. நீங்கள் சொன்ன வேகத்தையும், வண்டி இப்போது ஓடும் வேகத்தையும் ஒப்பிடும். குறைந்தால் த்ராட்டிலைக் கொஞ்சம் திறக்கும், கூடினால் மூடும். அவ்வளவுதான்.

இதைக் கண்டுபிடித்தவர் அமெரிக்க எஞ்சினியர் ரால்ஃப் டீட்டர். ஐந்து வயதிலேயே பார்வையை இழந்தவர். அவருடைய வக்கீல் கார் ஓட்டும்போது பேச்சு வாக்கில் வேகம் குறைவதும் கூடுவதுமாக இருக்குமாம். பக்கத்தில் உட்கார்ந்து குலுங்கிய எரிச்சலில்தான் இந்த யோசனை வந்ததாகச் சொல்வார்கள். 1950-ல் காப்புரிமை கிடைத்தது. 1958-ல் கிரைஸ்லர் நிறுவனத்தின் இம்பீரியல் உள்ளிட்ட கார்களில் விற்பனைக்கு வந்தது.

வேலை எளிமைதான் என்றாலும், டிரைவரின் கால் ஆக்ஸிலரேட்டரில் இல்லாதபோது வண்டியை முன்னால் தள்ளுகிற கருவி இது. அதனால் இதை வடிவமைப்பவர்கள் ஒரு விதியைக் கறாராக வைத்திருக்கிறார்கள்: எந்த இடத்தில் சந்தேகம் வந்தாலும் க்ரூஸ் வேலை செய்யக் கூடாது. பிரேக் மிதித்திருக்கிறதா இல்லையா என்பதில் குழப்பமா? முடியாது. கிளட்ச் மிதிபட்டிருப்பது போலத் தெரிகிறதா? முடியாது. சக்கரத்தின் வேகம் சரியாக வரவில்லையா? முடியாது. பல கார்களில் 'செக் எஞ்சின்' விளக்கு எரிந்தாலே க்ரூஸ் ஒதுங்கிக்கொள்ளும்.

ஆகவே பழைய காரில் க்ரூஸ் செட் ஆகவில்லை என்றால், பெரும்பாலும் க்ரூஸ் கெட்டுப்போயிருக்காது. வேறு ஏதோ ஒன்று கெட்டிருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு க்ரூஸ் மறுக்கிறது. கடந்த இருபது ஆண்டுகளில் வந்த பெரும்பாலான கார்களில் க்ரூஸுக்கென்று தனி மோட்டாரோ கேபிளோ கிடையாது. ஆக்ஸிலரேட்டர் பெடலே வயர் வழியாகத்தான் எஞ்சின் கம்ப்யூட்டரிடம் பேசுகிறது. க்ரூஸ் என்பது அந்தக் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ஒரு மென்பொருள். கெட்டுப்போவது அதற்குத் தகவல் சொல்லும் சுவிட்ச்சுகளும் சென்சார்களும் வயர்களும்தான்.

பழுதுதானா என்று முதலில் பாருங்கள்

சிரிப்பாக இருக்கலாம், ஆனால் கணிசமான புகார்கள் இங்கேயே முடிந்துவிடும். பெரும்பாலான கார்களில் மணிக்கு 30 அல்லது 40 கிலோமீட்டருக்குக் கீழே க்ரூஸ் செட் ஆகாது. முதல் கியரில் ஆகாது. ஹேண்ட்பிரேக் அரைகுறையாக இழுத்திருந்தால் ஆகாது. சில கார்களில் ஒரே பட்டன் 'ஸ்பீட் லிமிட்டர்', 'க்ரூஸ்' இரண்டுக்கும் மாறி மாறி வேலை செய்யும். லிமிட்டரில் விட்டுவிட்டு க்ரூஸ் போச்சு என்று நினைத்துக்கொள்பவர்கள் உண்டு. பழைய உரிமையாளர் மேனுவல் புத்தகத்தைக் கொடுத்திருக்க மாட்டார்; உங்கள் மாடல், ஆண்டு போட்டுத் தேடினால் பிடிஎஃப் கிடைக்கும். க்ரூஸ் பற்றி இரண்டு பக்கம்தான் இருக்கும், படித்துவிடுங்கள்.

பிரேக் பெடலுக்கு மேலே ஒரு சின்ன சுவிட்ச்

எல்லாம் சரியாகத்தான் அழுத்துகிறோம், ஆனாலும் செட் ஆகவில்லை என்றால் முதல் குற்றவாளி பிரேக் லைட் சுவிட்ச்.

டேஷ்போர்டுக்கு அடியில் குனிந்து பார்த்தால், பிரேக் பெடலின் கம்பிக்கு மேல்பக்கம், கட்டைவிரல் அளவில் ஒரு பிளாஸ்டிக் சுவிட்ச் இருக்கும். பெடல் மேலே இருக்கும்போது சுவிட்ச்சின் குமிழ் உள்ளே அமுங்கியிருக்கும். பெடலை மிதித்தால் குமிழ் வெளியே வரும், பிரேக் லைட் எரியும். ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான முறை, பத்து வருடம் இதே வேலை. தேய்வதில் ஆச்சரியம் இல்லை.

பலருக்கும் தெரியாத விஷயம், பெரும்பாலான கார்களில் அந்தச் சுவிட்ச்சுக்குள் இரண்டு தொடர்புகள் இருக்கின்றன. ஒன்று, பெடலை மிதித்தால் இணைந்து லைட்டை எரிய வைக்கும். மற்றது தலைகீழ், பெடலை மிதித்தால் துண்டிக்கப்படும். எஞ்சின் கம்ப்யூட்டர் இரண்டையும் கவனிக்கிறது. ஒன்று 'மிதித்தாச்சு' என்றும், இன்னொன்று 'மிதிக்கவில்லை' என்றும் சொன்னால் யாரை நம்புவது என்று தெரியாமல், பாதுகாப்பான பக்கம் சாய்ந்து க்ரூஸை மறுத்துவிடும்.

ஒர்க்‌ஷாப்களில் தவறிப்போகும் இடம் இதுதான். "பிரேக் லைட் எரியுது சார், சுவிட்ச் நல்லாத்தான் இருக்கு" என்பார்கள். லைட் எரிவது பாதிச் சாட்சி மட்டுமே. லைட்டுக்கான தொடர்பு நன்றாக இருந்து, இரண்டாவது தொடர்பு தேய்ந்திருந்தால், வெளியே தெரியும் ஒரே அறிகுறி க்ரூஸ் செட் ஆகாததுதான். இன்று ஒரு தொடர்பு தேய்ந்த அதே சுவிட்ச்சில் நாளை மற்றதும் தேயலாம். அப்போது லைட்டும் எரியாது. அது உங்களுக்குத் தெரியவும் தெரியாது, பின்னால் யாராவது வந்து இடிக்கும் வரை.

இன்னொரு வகைப் பழுது இன்னும் வேடிக்கையானது. பல ஜப்பானிய, கொரிய கார்களில் சுவிட்ச்சின் குமிழ் நேராக இரும்பில் மோதாது. பெடல் கம்பியில் உள்ள ஓட்டையில் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு பிளாஸ்டிக் தக்கை செருகியிருக்கும். குமிழ் அதன்மேல்தான் அமுங்கும். வெயிலில் வெந்து வெந்து அந்தத் தக்கை ஒருநாள் பொடிந்து விழுந்துவிடும். இப்போது குமிழ் ஓட்டைக்குள் புகுந்து வெளியே நீண்டுகொள்ளும். பெடலைத் தொடாமலே 'பிரேக் மிதித்திருக்கிறது' என்று கார் நினைக்கும். க்ரூஸ் செட் ஆகாது. பிரேக் லைட் ராத்திரி முழுக்க எரிந்து, காலையில் பேட்டரி இறங்கிக் கிடக்கும். பேட்டரியை மாற்றுவார்கள், அடுத்த வாரம் அதுவும் இறங்கும். டிரைவர் பக்கத்து மிதியடியில் நொறுங்கிய பிளாஸ்டிக் துணுக்குகள் கிடந்தால் குப்பை என்று தட்டிவிடாதீர்கள். பழுதே அதுதான்.

இதைச் சோதிக்க மெக்கானிக் தேவையில்லை. ராத்திரி, அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் காரின் பின்பக்கம் சுவரைப் பார்க்கும்படி நிறுத்துங்கள். ஹெட்லைட்டை அணைத்துவிட்டு, கண்ணாடியில் சுவரைக் கவனியுங்கள். பெடலைத் தொடாதபோது சுவரில் சிவப்பு இருக்கக் கூடாது. லேசாக, விரல் நுனி அழுத்தம் அளவுக்குத் தொட்டதுமே சிவப்பு வர வேண்டும். பாதி தூரம் மிதித்த பிறகுதான் வருகிறது, அல்லது வந்து வந்து போகிறது என்றால் சுவிட்ச் தேய்ந்திருக்கிறது அல்லது இடம் மாறியிருக்கிறது. சுவர் இல்லையென்றால் போனை வீடியோவில் வைத்துப் பின்னால் நிறுத்தலாம். பின்கண்ணாடியில் இருக்கும் மூன்றாவது பிரேக் லைட்டையும் சேர்த்துப் பாருங்கள்.

பல்புக்கும் இதில் பங்கு உண்டு. சில பழைய கார்களில் பிரேக் பல்பின் இழை வழியாகத்தான் க்ரூஸ் சுற்று முழுமையடையும். பல்புகள் ஃபியூஸ் போனாலோ, அழகுக்காக எல்இடி பல்பு மாற்றினாலோ, அந்தச் சுற்றில் ஓடும் மின்சாரத்தின் அளவு மாறி க்ரூஸ் நின்றுவிடும். 'எல்இடி போட்ட அன்னைக்கு இருந்து க்ரூஸ் இல்லை' என்றால் பழைய பல்பைத் திரும்பப் போட்டுப் பார்த்துவிட்டுப் பிறகு பேசலாம்.

சுவிட்ச்சின் விலை பெரும்பாலான கார்களுக்குச் சில நூறு ரூபாய். மாற்றப் பத்து நிமிடம். ஒரே ஒரு எச்சரிக்கை: சுவிட்ச்சை மிகவும் உள்ளே தள்ளிப் பொருத்தினால் பெடல் முழுதாக மேலே வராது. பிரேக் லேசாகப் பிடித்தபடியே வண்டி ஓடி, சக்கரம் சூடேறும். மாற்றிய பிறகு ஐந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நான்கு சக்கரத்துக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோய் வெப்பத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். டிஸ்க்கைத் தொட வேண்டாம்.

மேனுவல் கியர் வண்டி என்றால் கிளட்ச் பெடலுக்கும் இதேபோல ஒரு சுவிட்ச் உண்டு. அதே தேய்மானம், அதே தக்கை, அதே வைத்தியம். கூடுதலாக ஒரு பழக்கம்: இடது காலை எப்போதும் கிளட்ச் மேலேயே வைத்து ஓட்டுவது. சுவிட்ச் கொஞ்சம் தளர்ந்திருந்தால் அந்தக் காலின் எடையே க்ரூஸை வெட்டிவிடும். காலை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு ஒருமுறை முயன்று பாருங்கள்.

ஹாரன் அடிக்கிறதா?

க்ரூஸ் விளக்கே எரியவில்லை, பட்டனை அழுத்தினால் எந்தச் சலனமும் இல்லை என்றால் கவனம் ஸ்டீயரிங் பக்கம் திரும்ப வேண்டும். பட்டன்கள் சுற்றுகிற ஸ்டீயரிங்கில் இருக்கின்றன; வயர்கள் சுற்றாத தண்டில் இருக்கின்றன. இரண்டையும் இணைப்பது 'கிளாக் ஸ்பிரிங்' என்கிற பாகம். பெயரில் ஸ்பிரிங் இருந்தாலும், உண்மையில் அது சுருட்டி வைத்த மெல்லிய நாடா கேபிள். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது சுருளும், விரியும். பல வருடம் சுருண்டு விரிந்து ஒருநாள் அறுந்துபோகும்.

ஹாரன், ஆடியோ பட்டன், க்ரூஸ் பட்டன், டிரைவர் ஏர்பேக் எல்லாவற்றின் வயரும் அந்த நாடாவில்தான் போகின்றன. எனவே க்ரூஸோடு சேர்ந்து ஹாரன் சில சமயம் அடிக்கவில்லை, ஸ்டீயரிங்கைத் திருப்பினால் மட்டும் வால்யூம் பட்டன் வேலை செய்கிறது, மீட்டரில் ஏர்பேக் விளக்கு எரிகிறது என்றால் கிளாக் ஸ்பிரிங் மீது சந்தேகப்படலாம். ஏர்பேக் விளக்கு எரிந்துகொண்டிருந்தால் விபத்தில் ஏர்பேக் விரியும் என்று நம்ப முடியாது. 'க்ரூஸ் இல்லாட்டி பரவாயில்லை' என்று தள்ளிப்போடக் கூடாத கட்டம் இது. விற்பனைக்கு வரும் சில கார்களில் அந்த விளக்கின் பல்பையே பிடுங்கி வைத்திருப்பார்கள். சாவியை ஆன் செய்ததும் ஏர்பேக் விளக்கு சில வினாடி எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் அதுவும் பழுதுதான்.

கிளாக் ஸ்பிரிங் தானாகவும் போகும், ஆளாலும் போகும். ஸ்டீயரிங் ராக் வேலைக்காகத் தண்டைக் கழற்றியபோது யாராவது ஸ்டீயரிங்கைச் சுற்றிவிட்டால், நடுநிலை தவறி, பிறகு முழுதாகத் திருப்பும்போது நாடா அறுந்துவிடும். 'ராக் வேலை பார்த்த பிறகுதான் ஹாரன் போச்சு' என்பது பல இடங்களில் கேட்கிற புகார். இதை வீட்டில் கழற்றிப் பார்க்கும் ஆசை வேண்டாம். ஏர்பேக்கைத் தொட்டுத்தான் அங்கே போக வேண்டும். பேட்டரி இணைப்பை எடுத்து, மேனுவல் சொல்லும் நேரம் காத்திருந்து செய்ய வேண்டிய வேலை. தெரிந்தவர் கையில் விடுவதே சரி. விலை மாடலைப் பொறுத்து ஆயிரங்களில் இருக்கும்.

ஹாரனும் ஆடியோவும் நன்றாக இருந்து, க்ரூஸ் பட்டன் மட்டும் மந்தமாக இருந்தால் பட்டனே காரணமாக இருக்கலாம். பல கார்களில் எல்லா க்ரூஸ் பட்டனுக்கும் சேர்த்து ஒரே வயர்தான். ஒவ்வொரு பட்டனும் வெவ்வேறு மின்தடையைக் காட்டும். அதை வைத்து எந்தப் பட்டன் என்று கம்ப்யூட்டர் கண்டுபிடிக்கும். உள்ளே டீ சிந்தியிருந்தாலோ, சானிடைசரும் வியர்வையும் இறங்கியிருந்தாலோ தடையின் அளவு மாறும். 'செட்' அழுத்தினால் 'கேன்சல்' என்று வண்டி புரிந்துகொள்ளும்.

சக்கரம் சொல்லும் வேகம்

க்ரூஸோடு சேர்ந்து ஏபிஎஸ் விளக்கும் எரிந்தால் வேலை பாதி முடிந்தது. சக்கரத்தில் இருக்கும் வேக சென்சார்களில் ஒன்று பேசவில்லை என்று பொருள். பெரும்பாலும் காரணம் சேறு, இரும்புத் தூள், அறுந்த வயர்.

பழைய காரில் வீல் பேரிங் மாற்றிய பிறகு இந்தப் பிரச்சினை வந்தால் ஒரு கேள்வி கேளுங்கள். இப்போதுள்ள பல பேரிங்குகளின் ஒரு பக்கத்தில் காந்த வளையம் இருக்கிறது. சென்சார் படிப்பது அதைத்தான். பார்வைக்கு இரண்டு பக்கமும் ஒன்றுபோலத் தெரியும். திருப்பிப் போட்டுவிட்டால் பேரிங் நன்றாகச் சுற்றும், சத்தம் வராது, ஆனால் சென்சாருக்கு ஒன்றும் தெரியாது. புது சென்சார் வாங்கி மாற்றினாலும் விளக்கு அணையாது.

நம் ஊரில் இன்னும் இரண்டு காரணங்களைச் சேர்க்க வேண்டும். ஒன்று எலி. வாரத்தில் ஐந்து நாள் நிறுத்தியே வைத்திருக்கும் ஐடி ஊழியரின் கார் அதற்கு நல்ல வீடு. வயரின் மேல்தோலைக் கொஞ்சம் கடித்துவிட்டுப் போயிருந்தால், வெயில் நாளில் எல்லாம் சரியாக இருக்கும், மழை நாளில் மட்டும் க்ரூஸ் போகும். மற்றது வெள்ளம். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் தண்ணீரில் நின்ற கார்கள் ஏராளம். சுத்தம் செய்து, பாலிஷ் போட்டு, வேறு ஊர்களில் விற்கப்பட்டவையும் உண்டு. தரை விரிப்புக்கு அடியில் இருக்கும் கனெக்டர்களில் பச்சை பூத்திருந்தால், இன்று க்ரூஸ், நாளை பவர் விண்டோ, மறுநாள் சென்ட்ரல் லாக் என்று வரிசையாகப் போகும். அந்த வண்டியில் ஒவ்வொரு பாகமாக மாற்றுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற வேலை.

போனையே ஸ்கேனர் ஆக்கலாம்

கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் இந்தியாவில் விற்ற கார்களில், ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 பின் கொண்ட ஓபிடி போர்ட் இருக்கும். சில நூறு ரூபாயில் தொடங்கி ப்ளூடூத் அடாப்டர்கள் கிடைக்கின்றன. செருகி, போனில் ஒரு ஆப் போட்டால் பழுதுக் குறியீடுகளைப் படிக்கலாம்.

பி0504 என்று வந்தால் பிரேக் சுவிட்ச்சின் இரண்டு தொடர்புகளும் ஒத்துப்போகவில்லை என்று பொருள். பி0571 என்றாலும் பிரேக் சுவிட்ச் சுற்றுதான். பி0704 கிளட்ச் சுவிட்ச். பி0500 வேக சென்சார். பி0564 முதல் பி0568 வரை வந்தால் ஸ்டீயரிங் பட்டன்கள் பக்கம் பார்க்க வேண்டும். மலிவான அடாப்டர்கள் எஞ்சின் குறியீடுகளைத்தான் நன்றாகப் படிக்கும். ஏபிஎஸ், ஏர்பேக் குறியீடுகளுக்கு ஒர்க்‌ஷாப் ஸ்கேனர் தேவைப்படலாம்.

குறியீடு எதுவுமே இல்லை என்றாலும் பழுது இல்லை என்று அர்த்தம் கிடையாது. அப்போது பார்க்க வேண்டியது 'லைவ் டேட்டா'. பிரேக் சுவிட்ச் நிலை என்ற வரியைத் திறந்து வைத்துக்கொண்டு பெடலை மெதுவாக மிதித்து விடுங்கள். பெடலை விட்ட பிறகும் 'ஆன்' என்றே இருந்தால் விடை கிடைத்துவிட்டது. க்ரூஸ் கடைசியாக ஏன் துண்டிக்கப்பட்டது என்ற காரணத்தையே சேமித்து வைக்கும் கார்களும் உண்டு. ஒர்க்‌ஷாப் ஸ்கேனரில் அது தெரியும். ஸ்கேன் செய்தவர் குறியீட்டை அழிப்பதற்கு முன் ஸ்கிரீனைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அழித்துவிட்டால் திரும்ப வரும்வரை காத்திருக்க வேண்டும்.

செட் ஆகிறது, ஆனால் நிற்கவில்லை

செட் ஆகி ஐந்து நிமிடத்தில் தானாக வெட்டிக்கொண்டால், அதுவும் மேடுபள்ளத்தில் வெட்டினால், தளர்ந்த பிரேக் சுவிட்ச்சோ, ஆடும் கனெக்டரோதான் பெரும்பாலும் காரணம். செட் ஆன பிறகு வேகம் 75-க்கும் 85-க்கும் இடையில் ஊஞ்சல் ஆடினால் கதை வேறு: கரி படிந்த த்ராட்டில் பாடி, டீசல் வண்டியில் கசியும் டர்போ ஹோஸ். க்ரூஸ் இல்லாமல் ஓட்டும்போது உங்கள் கால் அறியாமலே இந்தக் குறையைச் சமாளித்துக்கொண்டிருக்கும்.

1990-களின் இறக்குமதி கார்கள், வளைகுடா நாடுகளில் ஓடும் பழைய அமெரிக்க கார்கள் பலவற்றில் க்ரூஸுக்கெனத் தனி உறுப்பே உண்டு. எஞ்சின் வெற்றிடத்தால் இழுபடும் ரப்பர் சவ்வு, ஒரு கேபிள் வழியாக த்ராட்டிலை இழுக்கும். அங்கே முதலில் பார்க்க வேண்டியது வெடித்த வேக்வம் குழாய். சில அங்குல ரப்பர் குழாய் மாற்றினால் சரியாகிவிடும் வண்டிகள் நிறைய.

பழைய ஃபோர்டு அமெரிக்க மாடல் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் தனியாக ஒன்று. அந்த நிறுவனத்தின் 1990-களின், 2000-களின் தொடக்க மாடல்கள் பலவற்றில் க்ரூஸைத் துண்டிக்கும் சுவிட்ச், பிரேக் ஆயில் குழாயோடு இணைந்திருந்தது. உள்ளே இருந்த மெல்லிய தடுப்பு விரிசல் விட்டு ஆயில் மின்சாரப் பக்கம் கசிந்து, நிறுத்தி வைத்த கார்கள்கூடத் தீப்பிடித்தன. சாவி ஆஃபில் இருந்தாலும் அந்தச் சுவிட்ச்சுக்கு மின்சாரம் வந்துகொண்டிருந்ததே காரணம். 1999 முதல் 2009 வரை பல கட்டங்களாக சுமார் 1.4 கோடி வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. அமெரிக்காவில் அப்படி ஒரு வண்டியை மலிவாக வாங்கியிருந்தால், ரீகால் வேலை முடிந்ததா என்று வண்டி அடையாள எண்ணை வைத்துச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

செட் ஆன க்ரூஸ் விடவே இல்லை என்றால்? மிக அரிது, ஆனால் தெரிந்திருக்க வேண்டும். பிரேக்கை ஒரே அழுத்தாக அழுத்திப் பிடியுங்கள். விட்டு விட்டு மிதித்தால் பிரேக்குக்கு உதவும் வெற்றிடம் தீர்ந்து பெடல் இறுகிவிடும். கிளட்ச்சை மிதித்து, அல்லது ஆட்டோமேட்டிக்கில் நியூட்ரலுக்குத் தள்ளி, ஓரமாக நிறுத்துங்கள். எஞ்சின் சத்தமாக அலறினாலும் பயப்பட வேண்டாம். ஓடும்போது சாவியை முழுதாகத் திருப்பி வெளியே எடுக்கக் கூடாது, ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். பழுது பார்க்கும் வரை க்ரூஸைத் தொடாதீர்கள்.

மெக்கானிக்கிடம் எப்படிச் சொல்வது

"க்ரூஸ் வேலை செய்யல" என்று மட்டும் சொன்னால் அவர் எங்கிருந்தும் தொடங்கலாம், பில் எங்கும் போய் நிற்கலாம். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "அண்ணே, க்ரூஸ் விளக்கு எரியுது, செட் மட்டும் ஆகல. ஹாரன், ஆடியோ பட்டன் எல்லாம் ஓகே. ஏபிஎஸ் விளக்கு, ஏர்பேக் விளக்கு எதுவும் இல்ல. பிரேக் லைட் சில நேரம் லேட்டா எரியுது." இவ்வளவும் கேட்டவர் நேராக பெடலுக்கு அடியில்தான் குனிவார். இசிஎம் மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால், பிரேக் சுவிட்ச்சின் இரண்டு தொடர்பையும் லைவ் டேட்டாவில் காட்டச் சொல்லுங்கள். காட்டாமல் பாகத்தை ஆர்டர் போடச் சம்மதிக்காதீர்கள்.

முந்தைய உரிமையாளர் கீழ் வேரியன்ட் காரில் வெளிச்சந்தைப் பட்டன் வாங்கி க்ரூஸைச் சேர்த்திருந்தாலோ, அலாரம், சப்-வூஃபர் எல்லாம் போட்டிருந்தாலோ, அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. வெட்டி ஒட்டிய வயர்களும் டேப் சுற்றிய இணைப்புகளும் எந்தக் கம்பெனி வரைபடத்திலும் இருக்காது.

இனிமேல்தான் கார் வாங்கப் போகிறீர்கள் என்றால் டெஸ்ட் டிரைவை ஷோரூம் தெருவோடு முடிக்காதீர்கள். 60-க்கு மேல் போகக்கூடிய ரோட்டில் க்ரூஸைச் செட் செய்து, பிரேக்கில் ஒருமுறை, கிளட்ச்சில் ஒருமுறை வெட்டிப் பாருங்கள். 'ரெஸ்யூம்' போட்டுப் பாருங்கள். "ஃபியூஸ்தான் சார் போயிருக்கு, இருபது ரூபாய் மேட்டர்" என்று விற்பவர் சொன்னால், அந்த இருபது ரூபாய் ஃபியூஸை அவரையே போடச் சொல்லி, மறுபடி ஒரு ரவுண்ட் ஓட்டிப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுக்கலாம்.